வேலையை விட்டுவிட்டு வரலாமா, அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் வீரவநல்லூர் பக்கம். வயது 39. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். பதினாறு வருஷமாக எங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு நாடகம் எழுதிப் போடுகிறேன். இதுவரை பதினொன்று. போன வருஷம் போட்டது ‘கடைமடை’. கால்வாய்த் தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் பிரிகிற கதை. யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு டைரக்டர் போன் பண்ணினார். கதையை பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்கிறார், டிஸ்கஷனுக்கு வந்து உட்காரச் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டுப் போகலாமா? அனுப்பினால் கதையை எடுத்துக்கொண்டு நம்மை விட்டுவிடுவார்களா? நாடகத்தை எப்படித் திரைக்கதையாக மாற்றுவது? நீங்களும் கொடை நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர் என்பதால் கேட்கிறேன். கைப்பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டில் “இந்தக் கிறுக்கு எதுக்கு?” என்கிறாள். பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் கடிதத்தின் வேகத்தைப் பார்த்தால் ராஜினாமாவை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. விடாதீர்கள்.

“டிஸ்கஷனுக்கு வாங்க” என்றால் என்ன என்று சொல்கிறேன். சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஒரு வாடகை வீடு. வாசலில் பத்து ஜோடி செருப்பு. உள்ளே டைரக்டர், இரண்டு மூன்று உதவி இயக்குநர்கள், அவருடைய பழைய அறைத்தோழர் ஒருவர், அப்புறம் நீங்கள். டீ வரும், மதியம் சாப்பாடு வரும். காலையிலிருந்து இரவு வரை பேசுவீர்கள். பேசியதில் நல்லது டைரக்டரின் நோட்டுக்குப் போகும். வாராவாரம் பேட்டா கிடைத்தால் நல்ல ஆபீஸ் என்று பொருள். இப்படி ஆறு மாதம் ஓடும். பிறகு ஹீரோ தேதி கிடைக்கவில்லை என்று ஆபீஸைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். அவர்களை மோசக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. படம் தொடங்கும்வரை பல டைரக்டர்களுக்கே கையில் காசு கிடையாது. உங்களுக்கு எங்கிருந்து கொடுப்பார்கள்?

அதனால் ஈட்டிய விடுப்பில் பத்து நாள் போடுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். உட்கார்ந்து பாருங்கள். திரும்பி வந்து கடன் சங்கத்து லெட்ஜரைத் திறங்கள். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. கே. பாலசந்தர் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’ எல்லாம் முதலில் மேடையேறியவைதான். 1964இல் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதியபோதும் அவர் ஆபீஸ் போய்வந்த மனிதர். கிரேசி மோகனும் என்ஜினீயராகக் கம்பெனியில் இருந்தபடியே நாடகம் போட்டு, பிறகுதான் சினிமாவுக்கு முழுசாக வந்தார். சம்பளம் வருகிற ஆள் டிஸ்கஷனில் “இந்த சீன் சரியில்லை” என்று சொல்வான். சாப்பாட்டுக்கு அதே ஆபீஸை நம்பி உட்கார்ந்திருப்பவன் தலையாட்டுவான். இரண்டு நாற்காலியிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் ஊர்க்காரர் ஒருவரின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். புதுமைப்பித்தன் நாடகக்காரர் இல்லை, சிறுகதைக்காரர். ஆனாலும் சினிமா அவரை இழுத்தது. வசனம் எழுதினார், தானே படம் எடுக்கக் கம்பெனியும் தொடங்கிப் பார்த்தார். கடைசியில் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதப் புனே போனார். அங்கே காசநோய் முற்றி, 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். வயது 42. பயமுறுத்தச் சொல்லவில்லை. அவருக்கு இருந்த மூளையில் கால்வாசிகூட நமக்கு இல்லை, அவருக்கே சினிமா அப்படி இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ரயிலேறுங்கள், அவ்வளவுதான்.

சரி, என் கதை. எனக்கு முக்கூடல் பக்கம். 1987இல், பத்தொன்பது வயதில், எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடைக்கு முதல் நாடகம் எழுதினேன். வில்லுப்பாட்டு முடிந்து, சாமக்கொடை பார்த்துவிட்டு மறுநாள் ராத்திரி ஜனங்கள் பாயோடு வந்து உட்காருவார்கள். எனக்கு வாத்தியார் என்று யாரும் கிடையாது. ஒத்திகை நடந்தது எங்கள் தெருப் பொது முற்றத்தில். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் பெண்கள் எல்லாம் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருவார்கள். ஒத்திகைக்காகப் போட்ட குண்டு பல்பு அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நாங்கள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருப்போம், அவர்கள் பாட்டுக்கு இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூலைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்க மாட்டார்கள். மறுநாள் கடையில் எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் அல்லவா?

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கவனித்தேன். ஒரு காட்சியில், கல்யாணம் நின்றுபோன பெண் தன் சேலையைத் தானே மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். வசனம் கிடையாது. எழுத மறந்துபோன இடம் அது, உண்மையைச் சொன்னால். அந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களின் கையும் நின்றது. நூல் விரலில் சுற்றியபடி அப்படியே நின்றது. நான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் எழுதிய அடுக்குமொழி வசனம் வந்ததும் கைகள் மறுபடி ஓடத் தொடங்கின.

முப்பத்தெட்டு வருஷமாகப் பிழைப்பு நடத்துவது அந்த ஒரு ராத்திரியை வைத்துத்தான். டைரக்டர்கள் என்னிடம் “சார், வசனத்துல நெருப்பு வேணும்” என்பார்கள். கொடுப்பேன். ஆனால் எனக்குச் சம்பளம் தருவது இன்னொரு காரியத்துக்காக: எந்த இடத்தில் ஜனங்கள் பாயைச் சுருட்டுவார்கள் என்பது நாடகக்காரனுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறான். சினிமாவிலேயே வளர்ந்தவர்களுக்கு அது படம் வெளியான வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தெரிகிறது. உங்களுக்குப் பதினொரு கொடையின் ராத்திரிகள் இருக்கின்றன. பிடிஎஃப்பில் அனுப்ப முடியாத சரக்கு அது.

சென்னைக்கு 1994இல் போனேன். முதல் ஐந்து வருஷம் ஒரு வசனகர்த்தாவிடம் உதவியாளன். அவர் சொல்லச் சொல்ல எழுதுவது, பிறகு அவர் சொல்லாமலே எழுதுவது, பிறகு அவர் பார்க்காமலே எழுதுவது. டைட்டில் கார்டில் என் பெயர் வராத படங்கள் நாலு. ஐந்தாவதாக எழுதிய படத்தில் பெயர் போடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். எங்கள் அம்மா முக்கூடலிலிருந்து பஸ் பிடித்துத் திருநெல்வேலி வந்து தியேட்டரில் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து சீட் பையனிடம் “எம்மவன் பேரு வந்துட்டா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். வரவில்லை. அந்தக் கம்பெனி கடைசித் தவணைக்குக் கொடுத்த செக்கும் இரண்டு தடவை திரும்பி வந்தது. முதல் முறையாக என் பெயர் திரையில் வந்தது 2003இல். அதற்குள் அம்மா இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், இதில் பாதி என் தப்பு. ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டால் மனம் கோணுமோ என்ற கூச்சம். நம்ம பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கூச்சம் ஜாஸ்தி. அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஒரு வழக்கு இருக்கிறது, நாடகக்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆர்.ஜி. ஆனந்த் என்று டெல்லியில் ஒரு நாடக ஆசிரியர். 1953இல் ஓர் இந்தி நாடகம் எழுதினார். பஞ்சாபிக் குடும்பம் ஒன்று, மதராஸிக் குடும்பம் ஒன்று, பிள்ளைகளுக்குள் காதல், மாகாண வெறி. நாடகம் நன்றாக ஓடியது. சினிமாக்காரர் ஒருவர் ஆர்வம் காட்ட, இவர் முழுக் கதையையும் சொன்னார். 1956இல் ‘நியூ டெல்லி’ என்று படம் வந்தது. அதிலும் பஞ்சாபிக் குடும்பம், மதராஸிக் குடும்பம், காதல். ஆனந்த் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1978இல் தீர்ப்பு வந்தது. தோற்றுவிட்டார். கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அந்தக் கருவை நீ எழுதியிருக்கிற விதத்துக்குத்தான் உரிமை, படத்தில் சொல்லப்பட்ட விதம் வேறு, வேறு விஷயங்களும் சேர்ந்திருக்கின்றன என்றது கோர்ட். இன்றுவரை கதைத் திருட்டு வழக்கு என்றால் வக்கீல்கள் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

உங்களுக்கு இது என்ன சொல்கிறது? “தண்ணீருக்காகப் பிரியும் அண்ணன் தம்பி” என்பதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நீங்கள் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது, தாமிரபரணிக் கரையில் அந்தக் கதை இல்லாத ஊர் ஏது? ஆனால் அண்ணன் சேர்மத்துரை டார்ச்சோடு வாய்மடைக்கு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடைக்கு, வருவது, ஆத்தா காலில் மண்ணைப் பார்ப்பது, கடைசியில் பிசானப் பருவத்துக்கு நாற்று யார் வயலிலிருந்து போகிறது என்பது, இந்த வரிசை, இந்தப் பேச்சு எல்லாம் உங்களுடையவை. அவற்றைத் தேதியோடு காகிதத்தில் வைத்திருக்க வேண்டும். எழுதி முடித்த நிமிஷமே சட்டப்படி உரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் மத்திய அரசின் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். நாடகம் போன்ற எழுத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பிறகு யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் வைத்திருப்பார்கள். சான்றிதழ் வர மாதங்கள் ஆகலாம், ஆனால் விண்ணப்ப எண் உடனே கிடைக்கும். சென்னையில் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் கதையைப் பதிந்துவைக்கிற வழக்கம் உண்டு. தகராறு வந்தால் முதலில் கூப்பிட்டுப் பேசுகிற இடம் அது.

பதிந்த பிறகும் முழுப் பிரதியை அனுப்பாதீர்கள். இரண்டு பக்கச் சுருக்கம் போதும். அதையும் வாட்ஸ்அப்பில் வேண்டாம், ஈமெயிலில். “நீங்கள் போனில் கேட்டுக்கொண்டபடி என் ‘கடைமடை’ நாடகத்தின் சுருக்கத்தை அனுப்புகிறேன். படமாக்க விருப்பம் இருந்தால் ஒப்பந்தம் பற்றிப் பேசலாம்” என்று இரண்டு வரி. இதைப் படித்துவிட்டுக் கோபப்படுகிற டைரக்டர், பின்னால் செக் கேட்டாலும் கோபப்படுவார். நல்லவராக இருந்தால் “சரி ஜி” என்று ஒரு பதில் வரும்.

ஒப்பந்தம் என்று வந்தால் வக்கீலிடம் காட்டித்தான் கையெழுத்துப் போட வேண்டும். நான் வக்கீல் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உரிமையை எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சில் கொடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை உங்களுக்கே திரும்பும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. அந்த ‘வேறு மாதிரி’ ஏழாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடுங்கள். 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டர் தவிர மற்ற வழிகளில் வருகிற வருமானத்தில் எழுத்தாளருக்கு உள்ள ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று இருக்கிறது. நடைமுறையில் அது கைக்கு வருகிறதா என்பது வேறு கதை. ‘கதை’ என்று பெயர் போடுவார்களா, ‘கதை, வசனம்’ என்றா, திரைக்கதையில் பங்கு உண்டா, டைட்டிலில் தனி கார்டா கூட்டத்தோடா, எல்லாவற்றையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பணத்தைத் தவணையாகத்தான் தருவார்கள். கடைசித் தவணை டப்பிங் தொடங்குவதற்கு முன் என்று போட்டுக்கொள்ளுங்கள். படம் வெளியான பிறகு என்றால் எங்கள் கதைதான்.

இன்னொன்று, உங்கள் நாடகத்தில் வருகிற பாட்டுகளை ஆர்மோனியக்காரர் எழுதியதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது அவர் உடைமை. கதையோடு சேர்த்து விற்றுவிடாதீர்கள்.

இனி மூன்றாவது கேள்வி. எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரதியை இரண்டு தடவை வாசித்தேன். ஐந்து அங்கம், இருபத்திரண்டு காட்சி. அதில் ஆறு காட்சிகள் பபூனும் டீக்கடைக்காரரும் முன்திரைக்கு முன்னால் நின்று பேசுவது. ஏன் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். பின்னால் வீட்டுப் படுதாவை இறக்கிவிட்டுக் காட்டுப் படுதாவை மாட்ட வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். சினிமாவில் வெட்டினால் அடுத்த நிமிஷம் காடு. அந்த ஆறையும் எடுத்துவிடுங்கள். கைதட்டு வாங்கியவைதான், வலிக்கும்.

அடுத்தது மைக். மேலேயிருந்து இரண்டு மைக் தொங்கும், அதன் அடியில் வந்து நின்றால்தான் கடைசிப் பாய்வரை கேட்கும். அவ்வளவு தூரம் வந்தவன் இரண்டு வரியோடு திரும்ப முடியுமா? நம் நாடகத்தில் ஆட்கள் பக்கம் பக்கமாகப் பேசுவதற்கு இலக்கியக் காரணம் எல்லாம் கிடையாது, மைக் செட்டுக்காரர்தான் காரணம். உங்கள் மூன்றாம் அங்கத்தில் சேர்மத்துரை தம்பியின் வயலுக்குப் போகிற தண்ணீரை அடைப்பதற்கு முன்னால் இரண்டரைப் பக்கம் பேசுகிறான். அப்பன் பாகம் பிரித்தது, தம்பி படித்துவிட்டு வந்து மதிக்காதது, கார் பருவம் பொய்த்தது, கன்னடியன் கால்வாயில் முறை வைத்தது எல்லாம். நல்ல வசனம். மேடையில் நானும் கைதட்டியிருப்பேன். அதை இப்படி எழுதிப் பாருங்கள்.

சீன் 31. வாய்மடை. வெளிப்புறம். இரவு.
சேர்மத்துரை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மம்பட்டியால் மண் வெட்டிப் போடுகிறான். மடையில் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. நிற்கிறது. அதுவரை கேட்காத தவளைச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது.

சீன் 32. தம்பி முத்தையாவின் வயல். வெளிப்புறம். இரவு.
முத்தையா வாய்க்காலில் காலைத் தொங்கப்போட்டபடி வரப்பிலேயே தூங்கிப்போயிருக்கிறான். கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் வடிந்து, கால் விரல்கள் வெளியே தெரிகின்றன. விழிக்கிறான். மேற்கே பார்க்கிறான். தூரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம். அணைகிறது.

முடிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகாது. தம்பிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அண்ணனுக்குத் தெரியாது. இனி அடுத்த இருபது நிமிஷம் அவர்கள் என்ன பேசினாலும் பார்க்கிறவனுக்கு வயிற்றில் புளி கரையும். ‘கார் பொய்த்தது’ என்பதை யாரும் சொல்ல வேண்டாம், வெடித்த வயலை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம் 1981இல் படமானபோது நடந்ததும் இதுதான். கரிசல் காட்டில் குடத்தோடு நடக்கிற தூரத்தை மேடையில் சொல்லத்தான் முடியும், பாலசந்தரின் காமிரா நடந்தே காட்டிவிட்டது. உங்கள் டைரக்டர் அந்தப் படத்தை எப்படியும் பேச்சில் இழுப்பார், பார்த்துவிட்டுப் போங்கள்.

செய்யும் முறை என்றால், முதலில் ஒன்லைன். பெயரைக் கேட்டு ஒரே வரி என்று நினைத்துவிடாதீர்கள், நானும் அப்படி ஏமாந்தேன். ஒவ்வொரு சீனுக்கும் ஒரு வரி. இரண்டேகால் மணி நேரப் படம் என்றால் அறுபது எழுபது வரி வரும். கடன் சங்கத்தில் பழைய சலான் தாள்கள் கிடக்குமே, அவற்றின் பின்பக்கத்தில் சீனுக்கு ஒன்றாக எழுதித் தரையில் பரப்புங்கள். இடைவேளை எது என்று பாருங்கள். உங்கள் கதையில் வாய்மடை அடைக்கிற இடம்தான் இடைவேளை. பிரதியில் அது பாதியைத் தாண்டிக் கிடக்கிறது. முன்னால் இழுங்கள். பிறகு எல்லா சீனையும் வசனமே இல்லாமல் ஒரு முறை எழுதுங்கள். யார் எதைச் செய்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, என்ன சத்தம் கேட்கிறது. எந்த சீனில் பேசாமல் முடியவே முடியாதோ அங்கே மட்டும் பேச விடுங்கள். வசனத்தைக் கடைசியில்தான் எழுத வேண்டும். நாடகக்காரனுக்கு இது கையைக் கட்டிப்போட்டதுபோல இருக்கும். எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

பேச்சு பற்றி ஒரு எச்சரிக்கை. டிஸ்கஷனில் யாராவது “நெல்லை ஸ்லாங்கைத் தூக்கலாப் போடுங்க” என்பார்கள். அவர்கள் கணக்கில் வரிக்கு வரி ‘ஏலேய்’ சேர்த்தால் திருநெல்வேலி. தம்பிக்குத் தெரியாததா? நம் ஊரில் ‘லே’ போடுவதற்கு ஆள் பார்க்க வேண்டும். பெரியவரிடம் ‘வே’ போடுகிறவன் அவர் வயதுக்காரனாக இருக்க வேண்டும். ‘அண்ணாச்சி’ என்று கடைக்காரரையும் சொல்வோம், அரிவாள் எடுத்து வந்தவனையும் சொல்வோம், தொனி வேறு. ‘சொல்லுதேன்’, ‘வாரேன்’, ‘வந்தாவ’, ‘போனாவ’ என்று வினைச்சொல்லில் ஊர் இருக்கிறது, வரிக் கடைசியில் இல்லை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களை அங்கே கூப்பிடுவதே இதற்காகத்தான்.

நாடகக்காரனுக்கு இருக்கிற இன்னொரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்கன்பட்டி என்று தூத்துக்குடி பக்கத்து ஊர், அந்தக் காலத்தில் நம் ஜில்லா. அங்கே 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1922இல் போய்விட்டார். தமிழில் முதல் பேசும் படம் 1931இல். அதற்கப்புறம் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அடுத்தடுத்துப் படமாயின. அவர் எழுத்தையும் அவர் பயிற்சி கொடுத்த பையன்களையும் வைத்துத்தான் ஆரம்பகால சினிமா பேசியது, பாடியது. அவர் ஒரு காட்சிகூடப் பார்க்கவில்லை. ஆனால் இன்றைக்கும் தென்மாவட்டத் திருவிழாக்களில் அவர் வள்ளி திருமணம் நடக்கிறது. எனக்கு இருபது படம் இருக்கிறது. அவற்றில் இரண்டைத்தான் டிவியில் திரும்பப் போடுகிறார்கள், அதுவும் மத்தியானம் இரண்டு மணிக்கு. கொடைக்கு நாடகம் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் சொல்வதைப் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை, என் வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று செய்யுங்கள். மேலே உள்ள இரண்டு சீனையும் உங்கள் வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள், காய் நறுக்கிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து. கையைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. இந்த அண்ணன் தம்பி உங்கள் ஊரில் நிஜமாக இருக்கிறார்களா? இருந்தால் படமாகும் முன் அவர்களிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாடகம் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும், படம் அவர்கள் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சுவரை போகும்.

அடுத்த கொடை எப்போது என்று எழுதுங்கள். நாடகம் உண்டு என்றால் வருகிறேன். நான்காம் அங்கத்தில், விடியக்காலை வாசல் தெளித்துக்கொண்டிருக்கிற ஆத்தா, பெரியவனைப் பார்த்து “காலுல என்னல ஈர மண்ணு?” என்று கேட்கிறாளே, அதை யார் வெட்டச் சொன்னாலும் வெட்டாதீர்கள். அவன் பதில் சொல்லாமல் உள்ளே போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அப்படியே இருக்கட்டும்.